சாமி அலமாரியைக் கட்டாமல் ஏற்றிய நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தவித்தேன். நோட்டை எடுப்பேன், சுவரில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வார்த்தை தப்பாக விழுந்து தெய்வக் குற்றமாகிவிடுமோ என்ற பயம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் சாமியைக் குறை சொல்லி எழுதுவேனா? சாமி பேரைச் சொல்லி ஒரு மனுஷன் தலையில் ஏற்றி வைத்திருக்கிற பொய்யைத்தான் இறக்கி வைக்கப் பார்க்கிறேன்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது, அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் பழைய சைக்கிள் ட்யூப்கள். பட்டறையில் எல்லோரும் அவரை லோடு அண்ணன் என்போம். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் பட்டறை. வீடுகளுக்குச் சமையலறை அலமாரி, துணி அலமாரி, சாமி அலமாரி எல்லாம் இங்கே செய்து, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே பொருத்திக் கொடுப்பார்கள். பலகைக்கும் கதவுக்கும் நுரைத்தாள் சுற்றி டேப் ஒட்டுவது என் வேலை. பொருத்தி முடித்த வீட்டில் மரத்தூளைக் கூட்டித் துடைத்துக் கொடுப்பதும் நான்தான், அதனால் வண்டியிலும் கூடப் போவேன். நான் சுற்றிக் கொடுத்ததை ஏற்றிக் கட்டுவது அண்ணன் வேலை. கயிறு நேராகப் பட்டால் பளபளப்பான கதவில் தடம் விழும் என்று, ட்யூபை நீளவாக்கில் அறுத்து, முனையில் கொக்கி மாட்டி வைத்திருப்பார். கயிறு போட்டே ஆக வேண்டிய இடத்தில், மூலைக்கு மூலை சாக்கை மடித்து வைத்து அதன் மேல் இறுக்குவார்.

வண்டி ஏற்றுவது என்றால் கண்டதைத் தூக்கி மேலே போடுவது என்றுதான் அவரைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன். அவர் முதலில் வெறும் வண்டியைத்தான் பெருக்குவார். ஒரு திருகாணி கிடந்தாலும் பெட்டி ஆடும் என்பார். பளுவான அடிப்பெட்டிகள் டிரைவர் முதுகுப் பக்கம் போகும். கண்ணாடிக் கதவைப் படுக்க வைக்கவே மாட்டார், நிறுத்தித்தான் வைப்பார். இழுப்பறைகள் வழியில் வாயைத் திறக்காமல் இருக்க டேப் ஒட்டியிருக்கிறேனா என்று விரலால் தடவிப் பார்ப்பார். எல்லாம் கட்டி முடித்த பிறகு கீழே இறங்கி, வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். காதை வைத்துக் கேட்பார். எங்கேயாவது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும், அத்தனையையும் அவிழ்ப்பார். “லோடு பேசக் கூடாது தங்கச்சி. பேசற லோடு ஊர் போய்ச் சேராது” என்பார். டிரைவருக்குப் பொறுக்காது.

“இன்னா மாமு, பொண்ண மாமியார் வூட்டுக்கு அனுப்பற மாரி சிங்காரிச்சிகினு கீற? ஏத்துனமா போனமான்னு இல்லாம பேஜாரு பண்ற.”

“பொண்ணுன்னா திரும்பி வந்து கஷ்டத்த வாயால சொல்லும் நைனா. இது ஒடஞ்சிதான் சொல்லும். நீ டீ குட்ச்சிட்டு வா, போ.”

இப்படிப்பட்டவரைத்தான் இன்றைக்கு ஊர், கயிறே வேண்டாம் என்று சொன்ன பக்தன் என்று கும்பிடுகிறது.

நடந்தது இதுதான். யானைக்கவுனியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, தெற்கத்திக்காரர், மாதவரத்தில் புது வீடு வாங்கியிருந்தார். சமையலறை முழுக்க எங்கள் வேலை. அதோடு தேக்கில் ஒரு சாமி அலமாரி. மேலே கோபுரம், கதவு முழுக்கச் சின்னச் சின்ன வெண்கல மணி, ஒரு ஆள் நெஞ்சு உயரம். சாமான் ஏற்றுகிற வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சியே தேங்காய், பூ, கற்பூரத்தோடு பட்டறைக்கு வந்துவிட்டார். அலமாரிக்குள் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, பூச்சரம் சாத்தி, சூடம் காட்டினார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அது வரைக்கும் மரமாக இருந்தது அந்த நிமிஷத்தில் எங்கள் கண்ணுக்குச் சாமியாகிவிட்டது.

பெட்டிகளையெல்லாம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. நீளப் பலகைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் வண்டியின் பின்கதவை மூட முடியவில்லை, அது கீழே தொங்கியது. அண்ணன் அலமாரியைப் பெட்டிகளுக்கு நடுவில், மெத்தை விரித்துப் படுக்க வைக்க இடம் ஒதுக்கியிருந்தார். அண்ணாச்சி பதறிப்போனார். சாமியைப் படுக்க வைப்பதாவது என்றார். சரி, டிரைவர் முதுகுப் பக்கம் நிறுத்துகிறேன் என்றார் அண்ணன். அதுவும் ஆகாது என்றார் அவர். புது வீட்டுக்குள் முதலில் சாமிதான் நுழைய வேண்டும், அதற்கு முன்னால் வேறு சாமான் இறங்கக் கூடாது, ஒருத்தர் காலும் சாமியைத் தாண்டக் கூடாது. அப்படியானால் கடைசியாக ஏற்றி, பின்பக்கம்தான் நிற்க வேண்டும். அண்ணன் மறுபேச்சு பேசாமல் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

“ஏம்ப்பா, என்ன செய்த நீ? சாமிக்குக் கயிறு போடுதியே! பொணத்துக்குல்லா கயிறு போடுவாவ!” அண்ணாச்சி குறுக்கே வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் பேசினார். “அண்ணாச்சி, ஏரோப்ளேன்ல குந்துனா சாமியா இருந்தாலும் பெல்ட்டு போட்டுத்தான் ஆவணும். தப்பா நெனச்சிக்காதீங்க. நம்ம கோயில்ல பல்லக்கு தூக்க சொல்ல பாருங்க, கயிறு போட்டுக் கட்டாமயா தூக்கறாங்க? சாமி வுழுந்துறக் கூடாதுன்னுதான கட்றது?”

“அது ஐயர் கட்டுதாரு. மந்திரம் சொல்லிக் கட்டுதாரு. நீ கட்டுததும் அதும் ஒண்ணா?”

அதோடு அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பட்டறை ஓனரைப் பார்த்தார். “சார், பின்கதவு வேற தொங்குது. ஒரே ஒரு கயிறு குறுக்க போட்டுக்கறேன். பூ மேல படாம, பட்டுத்துணி சுத்திப் போட்டுக்கறேன். கயிறு குடுங்க சார்” என்றார். ஏனென்றால் அதற்குள் ஓனர் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “கஸ்டமர் மனசு நோவுது, தெர்ல உனுக்கு? கயிறுலாம் வாணாம். நீ பின்னாடி குந்திக்கினு கையால புட்ச்சிக்கோ. சாமிய புட்ச்சிக்க குடுத்து வச்சிருக்கணும்பா” என்றார். இந்தப் பேச்சை நான் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று கேட்டேன். யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினார். அலமாரியைத் தன் பக்கம் பார்க்க வைத்து, வண்டியின் திறந்த பின்பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வண்டி கிளம்புமுன் வழக்கமாக உலுக்கிப் பார்ப்பாரே, அன்றைக்கு உலுக்க ஆள் இல்லை. உலுக்குகிறவர் மேலே இருந்தார்.

ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று முன்னால் காரில் போன அண்ணாச்சி டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். சரக்கு ரயில் அசைந்து அசைந்து போயிற்று. கேட் திறந்ததும் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து வண்டியும் அந்தப் பக்கத்து வண்டியும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு ஏறும். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டிரைவர் அழுத்தினார். தண்டவாள மேட்டில் முன்சக்கரம் ஏறி, வண்டி மூக்கைத் தூக்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வெண்கல மணிகள் மொத்தமாக அடித்த சத்தம் கேட்டது. கோயிலில் தீபாராதனைக்கு அடிக்கிற மாதிரி. லோடு பேசியது. அப்புறம் மணிச் சத்தம் நின்றுவிட்டது.

இறங்கி ஓடினேன். அண்ணன் தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தார், அலமாரி அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. கை இரண்டும் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. நாலைந்து பேர் ஓடி வந்து அலமாரியைத் தூக்கினார்கள். கூட்டத்தில் முதலில் கேட்ட குரல், “சாமிக்கு ஒண்ணும் ஆவல, ஒரு கீறல் கூட இல்ல” என்பதுதான். ஒரு அம்மாள் அலமாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்படிக் கீறல் விழும்? கீழே தார் ரோடு இல்லையே, மனுஷன் அல்லவா இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அண்ணன் உயிர் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. சாவு விழுந்த அலமாரி தன் வீட்டுக்கு வேண்டாம் என்று அண்ணாச்சி அழுதுகொண்டே சொல்லிவிட்டார். ஓனர் அவரை உட்கார வைத்துப் பேசினார். “நாங்க கயிறு கட்டறோம்னுதான் சொன்னோம் அண்ணாச்சி, அவன்தான் கேக்கல. சாமிய கட்டக் கூடாது, நானே புட்ச்சிக்கறேன்னு ஏறிக்கினான். உயிரு போவ சொல்லயும் சாமிய தரையில பட வுடல பாருங்க. இது தீட்டா? இது வரம்.” அண்ணாச்சி அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதார். கயிறு வேண்டாம் என்று தான் சொன்னதை அவர் அந்த நிமிஷமே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறக்காவிட்டால் அந்த மனுஷனால் எப்படித் தூங்க முடியும்? ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாகம் பண்ணி, அலமாரி அந்த வீட்டில் ஏறியது. இன்றைக்கும் அதில்தான் விளக்கு எரிகிறது.

பொய்க்குக் கால் முளைத்தது. எங்கள் ஓனர் ஆபீஸில் அலமாரியின் போட்டோவும் அண்ணன் போட்டோவும் ஒரே மாலைக்குள் மாட்டப்பட்டன. போனுக்குப் போன் அந்தக் கதை போயிற்று. போகப் போக வளர்ந்தது. விழுந்தபோது உள்ளே விளக்கு அணையவில்லை என்று ஒருத்தர் சேர்த்தார். அங்கே விளக்கே ஏற்றவில்லை, சூடம் காட்டியதோடு சரி. அண்ணன் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று ஒருத்தர் சேர்த்தார். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அதில் சிரிப்பு இல்லை.

கருமாதி முடிந்த பிறகு நான் அண்ணியிடம், அதாவது அவர் வீட்டுக்காரியிடம், புளியந்தோப்பில் போய் உண்மையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொல்லாட்டி எனுக்குத் தெரியாதாமே? வூட்டு கொடிக்கயித்தையே ரெண்டு முடிச்சி போட்டுக் கட்ற ஆளு. ஆனா இத்த வெளிய சொல்லாத. லோடு ஏத்தறவன் வுழுந்து செத்தான்னா நாலு நாள்ல மறந்துருவாங்க. இப்போ கோயிலுக்குப் போனா, சாமிய தாங்குனவரு பொஞ்சாதின்னு எடம் வுட்றாங்க. பசங்க அந்தப் பேர புட்ச்சிக்கினு நிக்குதுங்க. உட்டுடு.” அந்தச் சாமி மேல் ஆணையாக விட்டுவிடுகிறேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். கொடுத்த வாக்கு என் வாயை இத்தனை வருஷம் கட்டியது.

அந்த வருஷம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் அம்மன் பல்லக்கில் புறப்பாடு. பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டுக்குள்ளே, பூவுக்குள்ளே, குருக்கள் கயிற்றை இழுத்து இழுத்து இறுக்கினார். கட்டி முடித்ததும் பல்லக்குத் தண்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தியில் அழுகிறாள் என்று வழி விட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வாயைத் திறக்கிறேன் என்றால், அந்தப் பொய் இப்போது எங்கள் பட்டறையில் வழக்கமாகிவிட்டது. சாமி அலமாரிக்குக் கயிறு போடக் கூடாது, ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு அணைத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களே, “உங்க பட்டறையில கையால அணைச்சி எடுத்தாருவீங்களாமே, எங்களுக்கும் அப்படித்தான் வேணும்” என்று கேட்கிறார்கள். ஓனர் தலையை ஆட்டுகிறார். அடுப்பு மேடைப் பெட்டிக்கு நாலு பெல்ட், சாமிக்கு ஒரு மனுஷன் முதுகெலும்பு.

சென்ற மாதம் அப்படி உட்கார ஏறியவன், அண்ணியின் சொந்தத் தம்பி. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. அண்ணன் இடத்துக்கு வேலைக்கு வந்தவன். “வாணாம்பா, கட்டிட்டு வா” என்றேன். “மாமா குந்துன எடம்க்கா இது. எனுக்குக் கெடச்சிகீது” என்றான், பெருமையாக. அன்று அவன் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நேராக அண்ணியிடம் போனேன். தம்பி அங்கே உட்காருகிறான் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “அந்தப் பேரு எங்க வூட்ல இன்னொரு ஆள கேக்குதா?” என்று மட்டும் சொன்னார்.

திருவொற்றியூர் வீடு ஒன்றுக்கு அடுத்த சாமி அலமாரி போகிற காலையில் அண்ணி பட்டறைக்கே வந்துவிட்டார். வண்டி ஏற்றி நின்றது. யாரிடமும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த கயிற்றை எடுத்துத் தானே அலமாரியைச் சுற்றிப் போட்டார். ஓனர் ஓடி வந்தார்.

“அம்மா, இன்னா பண்றீங்க? நீங்களே இப்படிப் பண்ணலாமா? அவரு எதுக்கு உயிர வுட்டாரு?”

“நீ கயிறு குடுக்கல, அதுக்கு வுட்டாரு. அவரு கேட்டாரு. இவ காதால கேட்டுக்கினு நின்னா. என்கிட்ட சொல்லிட்டா.”

நான் முன்னால் வந்து, “ஆமா, நான் கேட்டேன்” என்றேன். ஓனர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்து, “பாவம், புருஷன நெனச்சி மனசு சரியில்ல. கட்டிக்கட்டும் உடுங்கப்பா” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தம்பிதான் அதிகமாகத் துடித்தான். “அக்கா, மாமா பேர நீயே கெடுக்கற. நாளைக்கி நான் எப்படி இங்க மூஞ்சி காட்டறது?” அண்ணி முடிச்சைப் போட்டு முடித்தார். பிறகு பக்கப் பலகையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். ஒரு மணி கூட அடிக்கவில்லை.

வண்டி கிளம்பியது. நான் வழக்கம்போல முன்னால். தெருமுனை டீக்கடை தாண்டியதும், பின்னாலிருந்து தம்பி கூரையைத் தட்டினான். டிரைவர் நிறுத்தினார். பின்னால் எட்டிப் பார்த்தேன். அக்கா போட்ட முடிச்சை அவன் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைச் சுருட்டிக் காலடியில் போட்டுவிட்டு, அலமாரியைத் தொட்டுக் கும்பிட்டு, அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கெஞ்சினேன். டிரைவர், “உனுக்கு இன்னாமே? சாமி பாத்துக்கும், ஏறு” என்றார். நான் இறங்கி ரோட்டோரமாக நின்றுகொண்டேன். வண்டி போய்விட்டது.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகப் போய், பத்திரமாக இறக்கி, நல்ல நேரத்தில் வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மறுநாள் பட்டறையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போகிறது. என் பயமெல்லாம் அதுதான். வாயால் சொன்னால் புத்தி பேதலித்தவர்கள் என்கிறார்கள். அதனால் அண்ணியிடம் போய்க் கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்டேன். அவர் தலையசைத்தார். எழுதிவிட்டேன்.

படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள். சொன்னால் நல்ல சேதி வரும், காரியம் கைகூடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், ஒன்றும் வராது. சொல்லும்போது விளக்கு எதையும் ஏற்றாதீர்கள், அவர் முகத்தில் சிரிப்பு எதையும் வைக்காதீர்கள். சாமி மேல் அவருக்கு எவ்வளவு பக்தி என்று கேட்டால், விழாமல் கட்ட நினைத்த அளவு பக்தி என்று சொல்லுங்கள். அவர் கயிறு கேட்டார். கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.